இரைப்பை நாளமும் பால்மரக் காட்டுக் கால்களும்

ஈப்போவிலிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் கோப்பெங். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் கொழித்த காலத்தில் இந்தச் சின்ன ஊரில் சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்திருந்தார்கள். சேற்றிலும் நீரிலும் நின்று பார்க்கும் வேலை. உடல்வலிக்கு அவர்களில் பலர் அறிந்திருந்த மருந்து அபின். 1879இல் இயூ கோங் என்பவர் அங்கே ஒரு மருந்துக் கடையைத் திறந்தார். இயூ யான் சாங் என்ற அந்தப் பெயர் இன்று மலேசியா, சிங்கப்பூர், ஹாங்காங் கடைவீதிகளில் பலகையாகத் தொங்குகிறது. அவருடைய மகன் இயூ தோங் சென் ஈயத்திலும் ரப்பரிலும் பெருஞ்செல்வர் ஆனார். பேராக்கில் சீன மருத்துவம் வேர்பிடித்ததைப் பேச வந்தால் கோப்பெங்கைத் தாண்டிப் போக முடியாது.

ஆனால் அந்தக் கடை பெயர் வாங்கியது மூலிகையால், ஊசியால் அல்ல. அன்றைய சீனாவிலேயே ஊசிக்கு மதிப்பு குறைந்திருந்தது. 1822இல் சிங் பேரரசர் தாவோகுவாங், அரண்மனை மருத்துவக் கழகத்தில் அக்குபங்சர் என்னும் ஊசி மருத்துவமும் மூலிகைத் துரும்பைக் கொளுத்திச் சூடு வைத்தலும் இனி வேண்டாம் என்று ஆணையிட்டார். படித்த வைத்தியரின் கௌரவம் நாடி பிடித்து மருந்துச் சீட்டு எழுதுவதில் இருந்தது. ஊசி குத்துகிறவர் அவருக்கு ஒரு படி கீழே. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் செங் தான்-ஆன் (1899–1957) என்ற மருத்துவர்தான் அதைத் தூக்கி நிறுத்தினார். மேலைநாட்டு உடற்கூற்று நூல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரத்தக் குழாய்களின்மேல் கிடந்த புள்ளிகளை விலக்கி மறுவரையறை செய்தார். தடித்த ஊசிகள் போய் மெல்லிய ஊசிகள் வந்தன. 1949க்குப் பிறகு, கிராமங்களுக்கு அனுப்ப மருத்துவர் போதாத புதிய சீன அரசு அதைக் கையில் எடுத்துக்கொண்டது.

உலகம் திரும்பிப் பார்த்தது 1971 ஜூலையில். நியூயார்க் டைம்ஸின் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங்கில் குடல்வால் அறுவை செய்துகொண்டார். அடுத்த நாள் இரவு வயிறு உப்பித் துடித்தார். மருத்துவர் ஒருவர் வந்து அவருடைய வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் ஊசி இட்டார். வயிறு தணிந்ததை ரெஸ்டன் தம் பத்திரிகையில் எழுதினார். ஆக, எந்தப் பலகை எத்தனை ஆயிரம் ஆண்டுப் பெருமை பேசினாலும், மெல்லிய எஃகு ஊசி, எண்ணிட்ட புள்ளிகள், சுவரில் மாட்டிய மனிதப் படம் மூன்றும் சேர்ந்து இன்று நாம் காணும் ஊசி மருத்துவத்துக்கு ஏறக்குறைய நம் தாத்தாவின் வயதுதான்.

ரெஸ்டனுக்கு உபாதை வயிற்றில். ஊசி போனது காலுக்கு. இதைப் புரிந்துகொள்ள இரைப்பை நாளத்தைப் பார்க்க வேண்டும். தமிழ் அக்குபங்சர் நூல்கள் சக்திநாளம் என்றும் மெரிடியன் என்றும் எழுதுவது இதைத்தான். உடலில் இப்படிப் பன்னிரண்டு இணை நாளங்கள், முன்நடுவிலும் பின்நடுவிலும் ஓடும் இரண்டு தனி நாளங்கள். 2008இல் உலக சுகாதார நிறுவனத்தின் மேற்கு பசிபிக் வட்டாரம் வெளியிட்ட தரப்பட்டியலில் இவற்றின்மேல் 361 புள்ளிகள். இரைப்பை நாளத்தில் மட்டும் 45.

கருமணிக்கு நேர் கீழே, கண்குழி எலும்பின் விளிம்பில் முதல் புள்ளி. கன்னத்தில் இறங்கி, வாயோரத்தில் நான்காவது. வாய்க்கோணலுக்கு மரபில் முதலில் தேடும் இடம் இது. பல்லைக் கடித்தால் தாடையோரம் புடைக்கிறதே ஒரு தசை, அதன் மேட்டில் ஆறாவது. பல்வலிக்கும் வாய் திறக்க முடியாத பிடிப்புக்கும். ஒன்பதாவது கழுத்தில், பெருந்தமனி துடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில். கை தேர்ந்தவர்களும் யோசிக்கும் இடம். பதினேழாவது மார்க்காம்பு. அதற்கு எண் உண்டு, பெயர் உண்டு, ஆனால் அங்கே ஊசியும் கூடாது, சூடும் கூடாது. மற்ற புள்ளிகளை அளக்க அது வெறும் எல்லைக்கல். தொப்புளின் இருபுறமும் இருபத்தைந்தாவது. பேதிக்கும் மலச்சிக்கலுக்கும் அதே புள்ளிதான். இங்கே புன்னகைக்கலாம், ஆனால் குடலின் இயக்கத்தைச் சீராக்குவது என்பதே மரபின் விளக்கம். பிறகு தொடையின் முன்வெளிப்புறமாக இறங்கி முழங்காலைக் கடந்து, முன்னங்கால் எலும்பின் வெளியோரமாக ஓடி, பாதத்தின் இரண்டாம் விரல் நகக்கண்ணில் நாற்பத்தைந்தாவது புள்ளியில் முடிகிறது.

இந்த நாளத்தின் செல்வமெல்லாம் முழங்காலை ஒட்டியும் அதற்குக் கீழேயும்தான் குவிந்திருக்கிறது. சிரட்டைக்கு மேலே, வெளிப்பக்கமாக முப்பத்து நான்கு. திடீர் வயிற்றுவலிக்கும் மூட்டுவலிக்கும். சிரட்டைக்குக் கீழே வெளிப்பக்கக் குழியில் முப்பத்தைந்து. அங்கிருந்து நான்கு விரற்கடை கீழே, எலும்பின் கூரிலிருந்து ஒரு விரல் வெளியே முப்பத்தாறாவது, சூ சான்லி. பசியின்மை, வாந்தி, வயிற்று உப்புசம், உடல்சோர்வு, கால்வலி என்று மரபு அதன்மேல் ஏற்றியிருக்கும் பொறுப்புகள் ஏராளம். இதே எலும்போரத்தில் இன்னும் கீழே முப்பத்தேழு பெருங்குடலுக்கு, முப்பத்தொன்பது சிறுகுடலுக்கு. சற்று வெளியே தள்ளி நாற்பது, சளிக்கு. கணுக்காலின் முன்மடிப்பில் நாற்பத்தொன்று. இரண்டாம் மூன்றாம் விரல்களுக்கு இடையில் நாற்பத்து நான்கு, ஈறு வீக்கத்துக்கும் பல்வலிக்கும். ஜப்பானில்கூட இந்த முப்பத்தாறின் புகழ் பெரிது. 1689இல் தன் நெடும்பயணத்துக்குக் கிளம்பும் முன் கவிஞர் பாஷோ அதில் சூடு வைத்துக்கொண்டதாகத் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார்.

விரற்கடை என்று நான் சொன்னது தமிழாக்கும் ஆசையால் அல்ல. சீன அளவான சுன் நோயாளியின் உடலையே முழக்கோலாகக் கொண்டது. அவருடைய கட்டைவிரலின் அகலம் ஒரு சுன். கட்டைவிரல் நீக்கி நான்கு விரலைச் சேர்த்தால் மூன்று சுன். முழங்கால் மடிப்பிலிருந்து வெளிக்கணு வரை பதினாறு சுன். நெட்டையருக்கும் குட்டையருக்கும் குழந்தைக்கும் அளவு தானே மாறிக்கொள்ளும். நம் வர்ம ஆசான்களும் விரலளவில்தான் அளக்கிறார்கள்.

இந்த வரைபடம் ஒரே நாளில் வானத்திலிருந்து விழவில்லை. ஹுனான் மாநிலத்து மாவாங்துய்யில் கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையை 1973இல் தோண்டியபோது பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ ஏடுகள் கிடைத்தன. அவற்றில் பதினொரு நாளங்கள் உண்டு. புள்ளிகள் இல்லை, ஊசியும் இல்லை, சூடு வைத்தல் மட்டும். கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மீ தொகுத்த நூலில் 349 புள்ளிகள். சோங் அரசவையில் வாங் வெய்யி 1027இல் வார்ப்பித்த வெண்கல மனிதச் சிலைகளில் 354. கோடு முதலில் வந்தது. புள்ளிகள் பிறகு ஒவ்வொன்றாக அதில் ஏறின. இன்றைக்கும் அது முடிந்தபாடில்லை: 2003இல் சீனா, ஜப்பான், கொரிய நிபுணர்கள் தரப்படுத்த உட்கார்ந்தபோது 92 புள்ளிகளின் இடத்தில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு. பேசிப் பேசி 2006இல் ஆறாகக் குறைத்தார்கள். அந்த ஆறுக்கும் இரண்டு இடங்களைக் குறித்து வைத்தார்கள்.

இங்கே ஒரு தமிழ்ப் பெருமையையும் தொட்டுவிட வேண்டும். போதிதர்மர் காஞ்சியிலிருந்து போய் வர்மத்தைக் கற்றுக்கொடுத்தார், அதுவே அக்குபங்சர் ஆயிற்று என்று கூட்டங்களில் பேசுவோர் உண்டு. 2011இல் ‘ஏழாம் அறிவு’ வந்தபின் இந்தப் பேச்சுக்குக் கால் முளைத்துவிட்டது. போதிதர்மர் கி.பி. ஐந்து அல்லது ஆறாம் நூற்றாண்டுக்காரர். மாவாங்துய் ஏடுகள் அவருக்கு ஆறு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தவை. படு வர்மம் 12, தொடு வர்மம் 96 என்று 108ஐக் கணக்கிடும் குமரி மாவட்டத்து ஆசான்களின் அறிவு அடிமுறையிலும் எலும்பு முறிவிலும் பிறந்தது. எங்கே அடித்தால் மனிதன் விழுவான், விழுந்தவனை எங்கே தட்டி எழுப்பலாம் என்பது அதன் கேள்வி. அதன் பெருமைக்குச் சீனாவின் கடன்சீட்டு தேவையில்லை.

சரி, பேராக்கின் தமிழ்க் கால்களுக்கு வருவோம். 1877இல் கோலாகங்சாரில் ஹியூ லோவின் தோட்டத்தில் நட்ட ரப்பர்க் கன்றுகள்தான் இந்த மாநிலத்தின் பால்மரக் காடுகளுக்கு முன்னோடி. அடுத்த தலைமுறையில் கப்பல் கப்பலாகத் தமிழர் வந்து இறங்கினார்கள். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கு, தலையில் விளக்கு, கையில் உளி. ஒரு நிரைக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட மரங்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் பட்டையின் உயரத்துக்கு ஏற்பக் குனிந்தோ மண்டியிட்டோ வெட்டி, பால் வடியும் மங்கை நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நடை. பிறகு அதே நிரையில் திரும்பிப் போய்ப் பாலெடுத்து, வாளிகளைக் காண்டாக் கழியில் மாட்டித் தோளில் சுமந்து, மேடும் பள்ளமும் கடந்து ஸ்டோருக்கு. சீனச் சாத்திரப்படி காலை ஏழு முதல் ஒன்பது வரை இரைப்பை நாளத்தில் சக்தி பெருகும் நேரம். அப்போது வயிறு நிறையச் சாப்பிட வேண்டுமாம். பால்வெட்டும் ஆளுக்கு அது பசியாறும் நேரம்கூட அல்ல, பாதி நிரையில் நிற்கும் நேரம்.

மேட்டில் ஏறி இறங்கும்போது பாதத்தின் முன்பகுதியைத் தூக்கிப் பிடிப்பது முன்னங்காலின் வெளியோரத் தசை. சூ சான்லி இருப்பது சரியாக அந்தத் தசையின் மேல்பகுதியில். அன்று நடந்து களைத்தவர்கள் தாங்களாகவே கைவைத்து அழுத்திக்கொள்ளும் இடமும் அதுதான். அந்தப் புள்ளி கால்களுக்கு இதம் தருவதற்குச் சக்தி ஓட்டத்தைத் தேடிப் போவதற்கு முன் இந்த எளிய காரணத்தை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம்.

தோட்டத்தில் மருத்துவம் என்றால் டிரஸ்ஸர் என்னும் மருத்துவ உதவியாளர். காயத்துக்குக் கட்டு, காய்ச்சலுக்கு மாத்திரை, மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு மிக்சர் என்று பழையவர்கள் கேலி பேசுவார்கள். வேலைக்குப் போக முடியுமா முடியாதா என்பதே அந்த அறையில் முடிவாக வேண்டிய கேள்வி. மூட்டுத் தேய்மானத்தை உட்கார்ந்து கேட்க அங்கே ஆளும் இல்லை, நேரமும் இல்லை. எண்ணெய் போட்டு உருவிவிடும் பாட்டி, சுளுக்குத் தடவுகிறவர், கோயில் திருநீறு ஆகியவை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் செம்பனை ஆனது, செம்பனை வீடமைப்புப் பகுதி ஆனது. லயத்து வீடுகளைக் காலி செய்தவர்கள் ஈப்போவின் புந்தோங்குக்கும் சுங்கை சிப்புட் பட்டணத்துக்கும் இன்னும் பல புறநகர்களுக்கும் வந்தார்கள். அங்கே பக்கத்துத் தெருவில் சீனக் கடை, கடைக்குள் சின்சே என்னும் சீன வைத்தியர்.

அப்படி ஓர் அறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். பத்து காஜா பக்கம் பால்வெட்டிய அம்மா. எழுபதைத் தாண்டியவர், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். சின்சே நடுவயதுப் பெண். இருவருக்கும் பொதுமொழி கடைத்தெரு மலாய். “சூடா மாக்கான்?”, சாப்பிட்டாயிற்றா என்று முதலில் கேட்டார். உபசாரம் இல்லை, வெறும் வயிற்றோடு வந்தவருக்கு ஊசி இட்டால் மயக்கம் வரும். அம்மா சாப்பிட்டாயிற்று என்றார். அடுத்த கேள்வி, “கென்சிங் மானிஸ் அடா?” இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருக்கிறதா? இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன் என்று தலையசைத்தார் அம்மா. அதன் பிறகுதான் கட்டிலில் ஏறச் சொன்னார்.

சிரட்டைக்குக் கீழே வெளிக்குழியைக் கட்டைவிரலால் தேடிப்பிடித்து, அம்மாவின் கையையே எடுத்து நான்கு விரலைச் சேர்த்துக் காலில் வைத்து அளந்தார். அந்த இடத்தை அழுத்தியதும் அம்மா “அங்கதான்” என்றார், தமிழில். சின்சேக்கு அது புரிந்தது. முடியைவிடச் சற்றுத் தடித்த எஃகு ஊசி, பிளாஸ்டிக் குழலுக்குள். குழலின் தலையில் ஒரு தட்டு. தோலைத் தாண்டும்போது முகத்தில் சலனமே இல்லை. குழலை எடுத்துவிட்டு ஊசியை மெல்ல இறக்கி, இரண்டு விரலால் இப்படியும் அப்படியும் திருகினார். “ராசா?” உணர்வு வருகிறதா? அம்மா மகளைப் பார்த்து, “கனமா இருக்குடி, கணுக்கால் வரைக்கும் என்னமோ ஓடுது” என்றார். இந்தக் கனமும் மதமதப்பும் வந்தால்தான் ஊசி பிடித்ததாக மரபு ஒப்புக்கொள்ளும். பிறகு இருபது நிமிடம் ஊசியோடு படுத்திருந்தார். மேலே சிவப்பு விளக்கின் சூடு வேண்டுமா என்று கேட்ட உதவியாளரை, இனிப்பு நீர்க் கால் என்று சொல்லிச் சின்சே தடுத்துவிட்டார். அந்த ஒரு தடுப்புக்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது.

இதெல்லாம் வேலை செய்கிறதா? நேர்மையான விடை புள்ளிக்குப் புள்ளி, நோய்க்கு நோய் மாறுகிறது.

முழங்காலை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் 1,007 மூட்டுத் தேய்மான நோயாளிகளை மூன்று பிரிவாக்கி நடத்திய பெரிய ஆய்வு 2006இல் வெளியானது. மரபுப்படி புள்ளிகளில் ஊசி இட்டவர்களில் 53.1 விழுக்காட்டினருக்கு 26 வாரத்தில் குறிப்பிடத்தக்க பலன். மருத்துவரைப் பார்த்து வலிமாத்திரை எடுத்தவர்களில் 29.1 விழுக்காட்டினருக்கே. இத்தோடு நிறுத்தினால் சின்சேக்கு வெற்றி. ஆனால் மூன்றாவது பிரிவில், புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகப் பொய் ஊசி இட்டவர்களில் 51.0 விழுக்காட்டினருக்குப் பலன். சரியான இடத்துக்கும் தவறான இடத்துக்கும் வேறுபாடு இரண்டே விழுக்காடு. ஜெர்மானியக் காப்பீட்டு நிறுவனங்கள் இதுபோன்ற ஆய்வுகளை வைத்தே முழங்கால் மூட்டுவலிக்கும் நாட்பட்ட இடுப்புவலிக்கும் ஊசிக்குப் பணம் கொடுக்கத் தொடங்கின. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்போ 2022 வழிகாட்டலில் மூட்டுத் தேய்மானத்துக்கு ஊசி கொடுக்காதீர்கள் என்றது. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் கல்லூரி 2019இல் நிபந்தனையோடு பரிந்துரைத்தது. சான்றுகளைத் திரட்டிக் கைநிறைய வைத்துக்கொண்டே மூவரும் மூன்று திசையில் நிற்கிறார்கள்.

வயிற்றுப் பக்கம் நிலைமை சற்று வேறு. சீனாவின் 15 மருத்துவமனைகளில் 1,075 கடும் மலச்சிக்கல் நோயாளிகளிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், தொப்புளோரத்து இருபத்தைந்தும் காலில் முப்பத்தேழும் உள்ளிட்ட புள்ளிகளில் மின்னூட்டிய ஊசி இட்டார்கள். இயல்பான மலப்போக்குக்குத் திரும்பியவர்கள் 31.3 விழுக்காடு, பொய் ஊசியில் 12.1. இங்கே இடைவெளி பெரிது. இரைப்பை நாளத்தை விட்டு வெளியே போனால், மணிக்கட்டின் உட்புறத்தில் இதய உறை நாளத்தின் ஆறாவது புள்ளி இருக்கிறது. அறுவைக்குப் பிந்தைய குமட்டலுக்கு அதைத் தூண்டுவது பற்றி 59 ஆய்வுகள், 7,667 பேர். 2015இல் காக்ரன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு அவற்றைச் சலித்துப் பார்த்து, குமட்டல் மருந்துகளுக்கு இணையான பலன் என்றது. ஊசி மருத்துவத்தில் இவ்வளவு உறுதியாகச் சொல்லத்தக்க இடங்கள் அதிகமில்லை.

2021இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு சூ சான்லியைப் பற்றியே பேசியது. ஹார்வர்டின் சியூஃபு மாவும் சீன ஆய்வாளர்களும் சேர்ந்து எலிகளின் பின்னங்காலில் அந்தப் புள்ளிக்கு மெல்லிய மின்சாரம் கொடுத்தார்கள். கால் எலும்புறையை ஒட்டிய ஒருவகை நரம்பிழைகள் விழித்து, வேகஸ் நரம்பு வழியாக அட்ரினல் சுரப்பியைத் தூண்டி, உடலெங்கும் பரவிய அழற்சியைத் தணித்தன. அந்த நரம்பிழைகள் இல்லாத வயிற்றுப் புள்ளியில் அதே மின்சாரம் அந்த வேலையைச் செய்யவில்லை. இடம் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. ஆனால் அது காட்டியது நரம்பை. கண்ணிலிருந்து கால்விரல் வரை ஓடும் நாளத்தை அல்ல. எலியின் அழற்சியிலிருந்து அந்த அம்மாவின் மூட்டுக்கு வர இன்னும் வெகுதூரம் இருக்கிறது.

என் கணிப்பு இதுதான். நாளம் என்பது பழைய வைத்தியர்கள் தங்கள் அனுபவத்தை நினைவில் கோத்து வைத்த கயிறு. அந்தக் கயிற்றை உடலுக்குள் அறுத்துத் தேடினால் கிடைக்காது. கோத்த மணிகளில் சில நிஜம், சில வெறும் மரபு. ஜெர்மானிய ஆய்வில் பொய் ஊசிக்கும் பலன் இருந்தது என்றால், பத்துத் தடவை வரச்சொல்லி, படுக்க வைத்து, காலைத் தொட்டுத் தடவி, இருபது நிமிடம் சும்மா இருக்க விட்டது வீண்போகவில்லை என்றும் பொருள். இதைக் ‘கைராசி’ என்று நம் ஆட்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். டிரஸ்ஸர் அறையில் வரிசையில் நின்றே பழகிய ஒருவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. இதை ஏமாற்று என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஏமாற்று வேறு உருவில் வருகிறது. மருந்தில்லா மருத்துவம் என்று சொல்லி, ஒரே புள்ளியைத் தொட்டால் சர்க்கரை போய்விடும், மாத்திரையை நிறுத்து என்று பேசும் தமிழ்க் காணொளிகள் கடல் தாண்டி இங்கேயும் கைப்பேசிகளில் சுற்றுகின்றன. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். நீரிழிவு முதலில் உணர்வைத் தின்னும் இடம் கால்விரல் நுனி. அதாவது இரைப்பை நாளம் முடியும் அதே இடம். நாற்பத்து நான்காம் நாற்பத்தைந்தாம் புள்ளிகளில் ஊசி குத்தி, ‘மதமதப்பு வரவில்லையே, சக்தி தடைபட்டிருக்கிறது’ என்று ஒருவர் விளக்கம் சொல்லும்போது, அங்கே செத்துக்கொண்டிருப்பது நரம்பாக இருக்கலாம். சூடு தெரியாத காலில் மாசிபத்திரி இனத்துத் துரும்பைக் கொளுத்தி வைத்தால் கொப்புளம், கொப்புளம் புண், புண் ஆறாமல் போனால் விரல், பிறகு கால்.

சட்டம் இருக்கிறது. 2016 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம், சட்டம் 775, சீன மருத்துவத்தையும் இந்திய மருத்துவத்தையும் ஒரே மன்றத்தின்கீழ் கொண்டுவந்து பதிவையும் தொழில் சான்றையும் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே 2007இல் பினாங்கு, கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனையில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கி, நாட்பட்ட வலிக்கும் பக்கவாதத்துக்குப் பிந்தைய மறுவாழ்வுக்கும் ஊசி கொடுக்கிறார்கள். மருத்துவரின் பரிந்துரையோடு, மற்ற சிகிச்சைக்குத் துணையாக. நீரிழிவைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டமே தடுக்கிறது. காணொளிக்காரர்கள் அந்தச் சட்டத்தைப் படித்தவர்களாகத் தெரியவில்லை.

எனக்கு அந்த மன்றத்திடம் ஒரு வேண்டுகோள் உண்டு. நீரிழிவுக் கிளினிக்குகளில் பாத உணர்வைச் சோதிக்க 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழை ஒன்று வைத்திருப்பார்கள். கண்ணை மூடச் சொல்லி அதைப் பாதத்தில் தொடுவார்கள். தெரிகிறதா என்று கேட்பார்கள். இரண்டு நிமிட வேலை, மலிவான பொருள். பேராக்கில் எத்தனையோ தமிழ் முதியவர்கள் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டுவது வேறு யாரிடமும் அல்ல, ஊசி மருத்துவரிடம்தான். முழங்காலிலிருந்து விரல்நுனி வரை விரலால் அளந்து போகும் அந்தக் கை இந்தச் சோதனையையும் செய்துவிடலாம். உணர்வு இல்லாவிட்டால் ஊசியை எடுத்து வைத்துவிட்டு அரசாங்கக் கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்து அனுப்பலாம். பதிவு பெற்ற ஒவ்வோர் ஊசி மருத்துவருக்கும் இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும்.

வாசகருக்கு ஒரு வார்த்தை. மூட்டுவலிக்கு ஊசி போட்டுக்கொள்வதாக இருந்தால் தாராளமாகப் போங்கள். சுவரில் தொழில் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். புது ஊசியின் உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ கெண்டைக்கால் ஒருபக்கம் மட்டும் வீங்கியிருந்தாலோ படுப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். வீட்டில் நீங்களே சூ சான்லியை ஓரிரு நிமிடம் அழுத்திக்கொள்வதில் கெடுதல் ஒன்றுமில்லை. இனிப்பு நீர் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரிடம் மட்டும் காலை நீட்டாதீர்கள்.